காம்பராவும் கமராவும்

ஊசித்துளைக் கமரா என்றதும் விஞ்ஞானப் பாடநூலின் ஒரு கோட்டுப்படம் உங்கள் நினைவுக்கு வரும். ஒரு மெழுகுதிரி, ஒரு பெட்டி, பெட்டியின் பின்சுவரில் தலைகீழாக இன்னொரு மெழுகுதிரி. ‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’ என்று விடை எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். பக்கத்தையும் புரட்டிவிடுவோம். அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சநேரம் நிற்க விரும்பும் மாணவியருக்கும், பிள்ளை ஏன் வெறும் பால்மாப் பேணியைப் பாடசாலைக்குக் கொண்டுபோகிறாள் என்று கேட்கும் பெற்றோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். புகைப்படக் கலைஞர் அல்லள். சில வருடங்களாக என் மாணவியருடன் சேர்ந்து ஊசித்துளையால் படம் எடுத்துவருகிறேன்.

பேணிக்கு முன்னர் வகுப்பறையைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வருடமும் நான் இதை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். மைதானத்தைப் பார்த்திருக்கும் ஒரு வகுப்பறையின் யன்னல்களையெல்லாம் கறுப்புப் பொலித்தீனால் மூடுவோம். கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய சாக்கு. பொலித்தீனில் ஒரு ரூபா நாணயத்தை விடவும் சிறிய ஒரு துளை, ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். வெளியே நல்ல வெயில் வேண்டும். உள்ளே வந்ததும் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து, பத்து நிமிடங்கள் ஆகும். பிறகு யாராவது ஒருத்தி, “டீச்சர், சுவர்ல மரம்!” என்பாள். அதோடு எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள்.

எதிர்ச் சுவரில் மைதானம் முழுவதும் தலைகீழாகத் தொங்கும். வானம் கீழே, புல்தரை மேலே. வலைப்பந்துக் கம்பம் கூரையிலிருந்து இறங்கியிருக்கும். காவலாளி சைக்கிளில் போனால் அவர் கூரையோடு ஒட்டியபடி எதிர்ப்பக்கமாக உருண்டுபோவார். வேப்பமரத்தின் கிளை ஆடுவதும் தெரியும். எல்லாம் அதனதன் நிறத்தில். மின்சாரம் இல்லை, வில்லை இல்லை, திரை கூட வெறும் சுண்ணாம்புச் சுவர். கைத்தொலைபேசியில் எத்தனையோ காணொளிகளைப் பார்த்த பிள்ளைகள் இந்தச் சுவரைப் பார்த்து வாயடைத்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

இதை ஆழமாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இப்னு அல்ஹைதம். ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்தவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்ற அவரது ஒளியியல் நூல் பின்னர் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. அவர் செய்த ஒரு சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். பல விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளி ஒரே சிறு துளையினூடாக இருட்டறைக்குள் விழும்படி செய்தார். எத்தனை விளக்கோ அத்தனை ஒளிப்பொட்டுகள் சுவரில் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. எல்லா ஒளியும் ஒரே துளையில் நெருக்கியடித்துக்கொண்டு போனாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதை இதனால் காட்டினார். வகுப்பறைச் சுவரில் மரம் மரமாகவும் கம்பம் கம்பமாகவும் தனித்தனியே தெரிவது இதனால்தான்.

இங்கே இரண்டு விடயங்களைத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மேடைப் பேச்சுகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் ‘கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னு அல்ஹைதம்’ என்று எழுதுகிறீர்கள். அவர் படம் எடுக்கும் கருவி எதையும் செய்யவில்லை. துளையினூடாக விம்பம் விழுவதும் அவருக்கு முன்னரே சீனத்திலும் கிரேக்கத்திலும் கவனிக்கப்பட்டிருந்தது. அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். பகுதிக் கிரகணத்தின்போது சூரியனின் விம்பம் பிறையாக விழுவதற்குத் துளை போதிய அளவு சிறிதாக இருக்கவேண்டும். துளை பெரிதானால் பிறை கலைந்து வட்டமாகிவிடும் என்பதைக் கணக்கோடு விளக்கினார். முன்னர் கண்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இவர் துளையின் அளவை மாற்றிப்பார்த்துக் காரணம் தேடினார். அதுவே பெரிய காரியம்.

இரண்டாவது, ‘கமரா’ என்பது ‘கமரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று சொல்லப்படும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. இலத்தீனில் காமரா என்றால் அறை. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். இருட்டறை என்னும் பொருளில் ‘காமரா ஒப்ஸ்கியூரா’ என்ற பெயரைக் கெப்லர் 1604இல் பயன்படுத்தினார். புகைப்படம் வந்தபோது பெயரின் முன்பாதி மட்டும் மிஞ்சியது. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கேயர் வாயில் நமது தீவுக்கும் வந்தது. சிங்களத்தில் அறைக்குக் ‘காமரய’ என்கிறார்கள். மலையகத்தில் ‘லயன் காம்பரா’ என்கிறோம். ஆகவே நாம் தூங்கும் காம்பராவும் படம் எடுக்கும் கமராவும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். அரபுக் கதையை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிப் பேணி. 400 கிராம் பால்மாப் பேணியின் உட்பக்கத்துக்கு மினுக்கமில்லாத கறுப்பு வர்ணம் பூசவேண்டும். பக்கச் சுவரின் நடுவில் ஆணியால் ஒரு பெரிய துளை போட்டு, அதன் உட்புறத்தில் சோடாக் குவளையிலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய அலுமினியத் துண்டை ஒட்டவேண்டும். ஊசித்துளை இந்தத் துண்டில்தான் வரும். துண்டை ஒரு அழிறப்பர் மேல் வைத்து, ஊசியை மெதுவாகச் சுழற்றி அழுத்தி, மறுபக்கம் எழும்பும் பிசிறை மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசியைச் சுழற்றவேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் துளை நட்சத்திரம் போல் கிழியும், படமும் மங்கும்.

துளை எவ்வளவு சிறிதோ படம் அவ்வளவு தெளிவு என்று நினைப்போம். ஓர் எல்லை வரைக்கும்தான் அது உண்மை. ஒளி ஓர் அலை. மிகச் சிறிய துளையின் விளிம்பில் வளைந்து பரவத் தொடங்கும், விம்பம் மறுபடியும் கலங்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் பொருத்தமான ஒரு துளை அளவு உண்டு. இதை ஆராய்ந்தவர் ராலே பிரபு. துளைக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9ஆல் பெருக்கினால் துளையின் விட்டம் கிடைக்கும். பால்மாப் பேணியின் குறுக்களவு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். அலைநீளம் 0.00055 மில்லிமீற்றர் என எடுத்தால் விடை 0.45 மில்லிமீற்றர் அளவில் வரும். மெல்லிய 10ஆம் இலக்கத் தையல் ஊசியின் பருமனும் ஏறக்குறைய அதுவே. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவியர் நகரும் நுணுக்குக்காட்டியால் துளையை அளந்து சரிபார்க்கலாம். பரீட்சைக்காக மட்டும் தொட்ட அந்தக் கருவிக்கு அன்றைக்கு ஓர் உண்மையான வேலை கிடைக்கும்.

துளைக்கு எதிர்ச் சுவரில் கறுப்புவெள்ளை ஒளியுணர் தாளை வளைத்து வைக்கவேண்டும். இந்தத் தாளைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது. ஆகவே சிவப்புக் குமிழ் எரியும் இருட்டறையில் வேலை செய்யலாம். துளையை மூடும் கறுப்பு இன்சுலேஷன் டேப்தான் நமது ஷட்டர். நல்ல வெயிலில் முப்பது செக்கன். முகில் மூட்டமானால் இரண்டு மூன்று நிமிடம். பிறகு தாளை உருத்துலக்கும் திரவம், தண்ணீர், நிலைநிறுத்தும் திரவம் என்று மூன்று தட்டுகளில் மாற்றி மாற்றி இடுவோம். கையுறை அவசியம், காற்றோட்டமும் அவசியம். வெள்ளைத் தாளில் படம் மெல்ல எழும்பிவரும் அந்த ஒரு நிமிடத்தை எழுத்தில் சொல்வது கடினம். வருவது நெகடிவ்; வானம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் இருக்கும். இன்னொரு தாளோடு முகத்துக்கு முகம் வைத்து, மேலே கண்ணாடி வைத்து, சில செக்கன்கள் வெளிச்சம் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும்.

ஒளியுணர் தாள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, மலிவும் இல்லை. அது கிடைக்காதவர்கள் மனம் தளரவேண்டாம். பேணியின் ஒரு பக்கத்தை வெட்டி எண்ணெய் தடவிய வெள்ளைத்தாளை ஒட்டி, தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள். அபாயா அணியும் நமக்குக் கறுப்புத் துணிக்கு எங்கே பஞ்சம்? ஒன்றே ஒன்று: துளையினூடாகச் சூரியனை நேரே பார்க்கக்கூடாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, விழும் விம்பத்தை மட்டுமே பார்க்கவேண்டும். 2019 டிசம்பர் 26 காலையில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கங்கணச் சூரிய கிரகணமாகவும், தீவின் ஏனைய இடங்களில் பகுதிக் கிரகணமாகவும் தெரிந்த நாள் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று மர நிழலில் இருந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாயின. சாதாரண நாட்களில் மர நிழலில் தெரியும் வட்டங்களும் சூரியனின் விம்பங்களே. இலைகளின் இடைவெளிகள்தான் அங்கே ஊசித்துளை. அந்த இடைவெளிகள் எந்த வடிவத்தில் இருந்தாலும் விம்பம் வட்டமாகவே விழுகிறது.

சரி, கைத்தொலைபேசி ஒரு செக்கனில் எடுப்பதைப் பேணியால் அரை மணித்தியாலம் பாடுபட்டு எடுப்பதில் என்ன இருக்கிறது? பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் இப்படியே கேட்டார். நியாயமான கேள்வி.

முதலாவது, ஊசித்துளை கண்ணைப் போல் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை மங்கவிடுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மல்லிகையும் அரை மைல் தொலைவில் உள்ள பள்ளிவாசல் மினாராவும் ஒரே அளவு தெளிவில், அல்லது ஒரே அளவு மென்மையில் விழும். அடுத்தது நேரம். முப்பது செக்கன்கள் திறந்திருக்கும் கமராவுக்கு நடப்பவர்கள் தெரியமாட்டார்கள். பெருநாளைக்கு முந்திய நாள் கடைத்தெருவை எடுத்தாள் ஒரு மாணவி. படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடை வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்த ஒரு முதியவர் மட்டும் இருந்தார். அசையாதவர்களைத்தான் பேணி நினைவில் வைக்கும்.

உயிருள்ளவற்றைப் படம் எடுப்பதில் தயக்கமுள்ள வீடுகளும் நம்மிடையே உண்டு. அந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் கிணற்றடியையும் வாழைத்தோப்பையும் மதில்மேல் காயும் தும்பையும் எடுத்தார்கள். எமது தொகுப்பில் உள்ள மிகச் சிறந்த படங்களுள் சில அவைதான். பெண்பிள்ளையின் படம் யார் கையில் போய்ச் சேருமோ என்பது இன்றைக்குப் பெற்றோருக்கு உள்ள உண்மையான பயம். பேணியில் எடுத்த படம் ஒரு தாள். அதை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கலாம். அந்தப் பயத்துக்கு இது மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் படம் என்பது யோசித்துக் கொடுக்கவேண்டிய ஒரு பொருள் என்பதைக் கை உணர்ந்துகொள்கிறது.

தரம் 10 மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய வாப்பா கட்டாரில் சாரதி. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மாத விடுமுறையில் வருவார். அந்த மாதம் முழுதும் வீடு திருத்துவது, காணிப் பிரச்சினை, மூத்தம்மாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போவது என்று ஓட்டம்தான். அவர் திரும்பிப்போகும் வாரத்தில் அவள் தாள் ஏற்றிய பேணியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவரை முன்வாசல் கதிரையில் இருத்தினாள். மடியில் மூன்று வயதுத் தம்பி.

“எவ்வளவு நேரம் இருக்கணும் மகள்?”

“நாப்பது செக்கன் வாப்பா. அசையக்கூடாது.”

“எங்க பாக்கிற?”

“பேணியப் பாருங்க.”

அவள் சத்தமாக எண்ணினாள். தம்பி பதினைந்தாவது செக்கனிலேயே நெளிந்து இறங்கிவிட்டானாம். நாற்பது முடிந்து டேப்பை ஒட்டியபோது வாப்பா எழும்பவில்லை. “இந்த லீவுல நான் சும்மா இருந்தது இந்த நாப்பது செக்கனும்தான் மகள்” என்றாராம்.

திங்கட்கிழமை இருட்டறையில் அதைத் துலக்கினோம். கதிரையின் கைப்பிடியும் கதவு நிலையும் தெளிவாக இருந்தன. வாப்பாவின் முகம் மென்மையாக, ஆனால் அவராகவே இருந்தது. மடியில் தம்பி இருந்த இடத்தில் புகை போல ஒரு கலங்கல். பிழைத்துப்போய்விட்டதென்று அவள் சொல்லவில்லை; “தம்பி இப்படித்தான் டீச்சர்” என்றாள். இரண்டு நேர்ப்படங்கள் எடுத்தாள். ஒன்று வீட்டில் இருக்கிறது, மற்றது வாப்பாவின் கடவுச்சீட்டு உறைக்குள் தோஹா போனது. அவர் தொலைபேசியில் அந்த விடுமுறையில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

நேரத்தை இன்னும் நீட்டினால் என்ன ஆகும்? ஒரு பானக் குவளைக்குள் ஒளியுணர் தாளை வைத்து மாதக்கணக்கில் வெளியே கட்டிவைத்தால், சூரியன் ஒவ்வொரு நாளும் வானில் போகும் பாதை ஒவ்வொரு கோடாகப் பதியும். இதற்குத் துலக்கும் திரவம் கூட வேண்டாம். தாள் தானாகவே நிறம் மாறும். இறுதியில் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்வதுதான் வேலை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானியல் நிலையத்தில், 2012இல் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி ஒரு தொலைநோக்கிக் கூடாரத்தில் இப்படி ஒரு குவளையைப் பொருத்தினார். பிறகு அது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. 2020 செப்டெம்பரில் கழற்றியபோது உள்ளே எட்டு வருடமும் ஒரு மாதமும் திறந்திருந்த ஒரு படம் இருந்தது. அதில் 2,953 சூரியக் கோடுகள்.

அந்தப் படத்தில் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். நமது நாட்டில் அப்படி வராது. நாம் மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரையிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் போகிறது. ஜூனில் அது நமக்கு வடக்கே, டிசம்பரில் தெற்கே. ஆகவே ஐரோப்பியர் செய்வதுபோல் குவளையைத் தெற்கு நோக்கிக் கட்டினால் வருடத்தில் பாதி நாள் சூரியன் அதில் விழாது. கிழக்கு நோக்கிக் கட்டவேண்டும். கோடுகள் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய நிமிர்ந்து எழும். நாளுக்கு நாள் பக்கவாட்டில் நகரும். சென்ற ஜூன் 21 அளவில் ஆய்வுகூடத்தின் கிழக்குச் சுவரில் மூன்று குவளைகளைக் கட்டியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் டிசம்பர் 21 அளவில் திறப்போம். மழை உள்ளே போகாதிருந்தால் சரி. யாரும் தொட்டு ஆட்டவேண்டாம் என்று கனிஷ்ட பிரிவுப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் பிறருக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: விளக்கம் பிறகு, காட்சி முதலில். அபெலார்டோ மொரெல் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கியூபாவில் பிறந்தவர். தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக வகுப்பறையை இருட்டாக்கியவர், அவர்கள் வியந்து நிற்பதைக் கண்டுதான் 1991 முதல் இருட்டறை விம்பங்களையே படமெடுக்கத் தொடங்கினார். படுக்கையறைச் சுவரில் ஒரு முழு நகரமும் தலைகீழாகத் தொங்கும் அந்தப் படங்கள் பல மணித்தியாலங்கள் ஒளிபட விட்டவை. 2006இல் கலிபோர்னியாவில் ஆறு கலைஞர்கள் பலரின் துணையுடன் ஒரு விமானக் கொட்டகையையே ஊசித்துளைக் கமராவாக்கினார்கள். ஆறு மில்லிமீற்றர் அளவான துளை, 35 நிமிடம், ஏறத்தாழ 34 மீற்றர் அகலமான ஒரே துணியில் ஒரே படம். அதையெல்லாம் நாம் செய்யவேண்டியதில்லை. ஒரு காம்பராவும் ஒரு போர்வையும் போதும். உம்மாவை உள்ளே கூப்பிட்டு இருத்தி, கண் பழகும்வரை பேசாமல் இருங்கள். அவர் தானாகக் கேட்கும்வரை ஒன்றும் சொல்லவேண்டாம்.

2001 முதல் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று எடுத்த படம் ஒன்றை, ஆளுக்கு ஒன்று மட்டும், உலகின் எந்த மூலையிலிருந்தும் பொதுக் காட்சிக்கு அனுப்பலாம். பணம் இல்லை, பரிசும் இல்லை. பரிசு இல்லாத ஒரு காரியத்துக்கு எமது மாணவியர் வருவார்களா என்று நான் முதலில் சந்தேகப்பட்டேன். கடந்த முறை பதினேழு பேர் வந்தார்கள். நால்வர் தங்கள் உம்மாமாரையும் அழைத்துவந்தார்கள்.

அடுத்த ஏப்ரலுக்கு வர விரும்புபவர்கள் மார்ச் மாதத்துக்குள் பெயர் தரவேண்டும். கறுப்பு வர்ணமும் அலுமினியத் துண்டும் தாளும் பாடசாலை தரும். பேணியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். நன்றாகக் கழுவி, மூடியுடன். மூடி நசுங்கிய பேணியில் வெளிச்சம் புகுந்துவிடும், அது உதவாது.